பல்லாங்குழி முதல் கிட்டிப்புள் வரை: நம் விளையாட்டுகளும் பிள்ளைகளின் கணிதச் சிந்தனையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் படிப்பித்து வருகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடுவார்கள். பல்லாங்குழி, ஆடு புலி, ஒற்றையா இரட்டையா என்று ஏதாவது நடக்கும். இதைக் கேள்விப்பட்டுப் படுவான்கரையிலிருந்தும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்தும் பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் கேட்பவற்றில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கணிதத்தில் விடை ஒன்றுதானே? அதில் ஆக்கச் சிந்தனைக்கு எங்கே இடம்?

ஏழு எட்டு ஐம்பத்தாறு. அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அந்த ஐம்பத்தாறுக்கு எந்த வழியால் போவது என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. ஒரு பிள்ளை ஏழேழு நாற்பத்தொன்பதோடு ஏழைக் கூட்டும். இன்னொன்று நாலேழு இருபத்தெட்டை இரட்டிக்கும். மற்றொன்று பத்தெட்டு எண்பதிலிருந்து மூவெட்டு இருபத்துநாலைக் கழிக்கும். வாய்ப்பாட்டை மட்டும் பாடமாக்கிய பிள்ளைக்கு அது மறந்தால் வேறு போக்கிடம் இல்லை. வழிகளைத் தேடிப் பழகிய பிள்ளைக்கு எப்போதும் ஒரு குறுக்குப் பாதை கிடைக்கும்.

1950இல் அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட் ஆக்கத்திறன் பற்றி ஆற்றிய உரைக்குப் பிறகுதான் இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது. எத்தனை யோசனை வருகிறது, எத்தனை வகையான யோசனை வருகிறது, மற்றவர்களுக்குத் தோன்றாத யோசனை வருகிறதா, ஒரு யோசனையை எவ்வளவு தூரம் விரித்துக்கொண்டு போக முடிகிறது என்ற நாலையும் அந்த வழியில் வந்தவர்கள் பார்க்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து, மூன்று குழியில் ஒன்றும் வெறுமையாக இல்லாதபடி எத்தனை விதமாகப் போடலாம் என்று கேளுங்கள். முதலில் நாலைந்து விதம் வரும். கொஞ்ச நேரத்தில் சண்டையும் வரும். "ஏழு, இரண்டு, ஒன்றும் ஒன்று, இரண்டு, ஏழும் ஒன்றுதான்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "இல்லை, குழி வேற" என்று மற்றது சொல்லும். இரண்டு பேரும் சரி. குழிகளை வேறு வேறு என்று எடுத்தால் 36 விதம், ஒரே மாதிரி என்று எடுத்தால் 8 விதம். விடை நாம் எதை "ஒன்று" என்று கொள்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது என்பதை ஒரு தரம் 4 பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

எந்த விளையாட்டில் தொடங்கலாம்?

பல்லாங்குழியில் தொடங்குங்கள். மறந்தவர்களுக்காக, எங்கள் முற்றத்து விதியைச் சொல்லிவிடுகிறேன்.

வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து கொட்டையாக 70 கொட்டை. விளையாடுபவர் தன் வரிசையில் ஒரு குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு சுற்றி வரவேண்டும். கையில் முடிந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அப்பால் உள்ள குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு முறை மற்றவருக்குப் போய்விடும். வழியில் ஏதாவது ஒரு குழியில் சேர்ந்து சேர்ந்து சரியாக நாலு ஆனால் அது "பசு". அந்தக் குழி யாருடையதோ அவர் அதை எடுத்துக்கொள்வார்.

முதல் இரண்டு மூன்று நாள் கணிதம் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தொடக்க காலத்தில் நான் ஒவ்வொரு சுற்று முடியவும் "எத்தனை கொட்டை? கூட்டி எழுது" என்று கொப்பியை நீட்டினேன். மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் குழியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து விளையாடினார்கள். விளையாட்டைப் பயிற்சித்தாளாக மாற்றினால் விளையாட்டும் போய்விடும், கணிதமும் போய்விடும். பிள்ளைகள் விளையாடட்டும். கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

எங்களுக்கு அப்படித்தான் வந்தது. தரம் 5 படிக்கும் ஒரு மகள் நாலு நாளாக ஆட்டத்தை முதலில் தொடங்குவதற்கு முன் நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். எந்தக் குழியை அள்ளினால் கூட வரும் என்று பார்த்தாளாம். ஐந்தாம் நாள் ஓடி வந்து, "டீச்சர், எங்கிருந்து அள்ளினாலும் ஏழுதான் வருது!" என்றாள். அதை நானும் அதுவரை கவனித்ததில்லை. எனக்கும் சிறு வயதிலிருந்து அம்மம்மாவோடு விளையாடிப் பழக்கம்.

அந்த ஏழு எப்படி வருகிறது? நாங்களும் செய்து பார்க்கலாமா?

கட்டாயம் செய்து பாருங்கள். இதுதான் இந்தப் பக்கத்தில் நான் மிகவும் ஆசையோடு எழுதும் பகுதி.

குழிகளுக்கு 1 முதல் 14 வரை இலக்கம் வைத்துக்கொள்வோம். முதலாம் குழியின் ஐந்தை அள்ளினால் 2, 3, 4, 5, 6 ஆகியவற்றில் விழும். அடுத்தது ஏழாம் குழி. அதை அள்ளினால் 8 முதல் 12 வரை. அடுத்தது 13. அதன் ஐந்தும் 14, 1, 2, 3, 4 என்று விழும். இப்போது ஐந்தாம் குழியில் ஆறு இருக்கிறது. அதை அள்ளிப் போட்டால் 11இல் முடியும். 12ஆம் குழியிலும் ஆறு. அதை அள்ளினால் 13, 14, 1, 2, 3, 4. அடுத்தது ஐந்தாம் குழி. அது வெறுமை. தடவிவிட்டு ஆறாம் குழியை எடுத்தால் ஏழு கொட்டை.

மற்றக் குழியில் தொடங்கினாலும் ஏன் இதே ஏழு? அந்த மகளிடம் கேட்டேன். அவள் பலகையை ஒரு தட்டைப் போலச் சுற்றிக் காட்டினாள். தொடக்கத்தில் எல்லாக் குழியிலும் ஐந்து ஐந்தாக இருக்கும்போது எது முதலாம் குழி என்று கொட்டைக்குத் தெரியாது என்றாள். பெரிய வகுப்பில் சமச்சீர் என்று படிப்பிக்கும் விஷயத்தை அவள் ஒரு கைச்சுற்றில் சொல்லிவிட்டாள்.

சரி, இப்போது ஒரு விதியை மாற்றுங்கள். ஐந்துக்குப் பதிலாக ஆறு போடுங்கள். போடுவதற்கு முன் என்ன வரும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "கூடக் கொட்டை, அதனால் இன்னும் நீளமாக ஓடும்" என்பார்கள். நடப்பது தலைகீழ். முதலாம் குழியின் ஆறு 7இல் முடியும். எட்டாம் குழியை அள்ளினால் 14இல் முடியும். அடுத்தது தொடங்கிய இடம், அது வெறுமை. இரண்டே அள்ளலில் ஆட்டம் நின்றுவிடுகிறது. அள்ளிய குழி ஒன்றும் போட்ட குழி ஆறும் சேர்ந்து ஏழு, இரண்டு ஏழு பதினாலு என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். கிடைப்பது அதே ஏழு கொட்டைதான். நாலு போட்டாலோ ஏழு முறை அள்ளி, கடைசியில் ஆறு கிடைக்கும்.

ஒரு விதியை மாற்று, ஊகித்துச் சொல், செய்து பார், ஏன் என்று கேள். என்னுடைய முறை முழுவதும் இந்த நாலுதான்.

எங்கள் வீட்டில் பலகையும் இல்லை, சோகியும் (சோழியும்) இல்லை. என்ன செய்வது?

பலகை வாங்கவே வேண்டாம். கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை நமக்கு மணலுக்கா குறை? ஈர மணலில் கையால் குழி தோண்டலாம். மாரி காலத்தில் வெளியே போக முடியாதபோது முட்டை மட்டையை வெட்டி ஒட்டினால் போதும். கொட்டைக்குப் புளியங்கொட்டை, சின்னச் சிப்பி, கூழாங்கல், மஞ்சாடி எதுவும் சரி.

ஒன்றை மட்டும் தவிருங்கள். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், பலரும் ஆசையாகப் பொறுக்கி வருவார்கள். அது கடும் நஞ்சு. ஓடு உடைந்த விதையைப் பிள்ளை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியையும் மஞ்சாடியையும் வேறுபடுத்துவது எளிது. குன்றிமணியில் சிவப்போடு ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், மஞ்சாடி முழுச் சிவப்பு. வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் எந்தக் கொட்டையையும் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திருப்பி எடுங்கள். தொண்டையில் சிக்கக் கூடியவை எல்லாமே அவை.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவதே பெரிய வேலை, அதுவே போதும். ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணுவது அதில் வந்துவிடும். விதி மாற்றிப் பார்ப்பது தரம் 3க்குப் பிறகு நன்றாக நடக்கிறது. மேல் எல்லை கிடையாது.

ஒற்றையா இரட்டையா மிக எளிய விளையாட்டு. அதில் என்ன சிந்தனை இருக்கிறது?

எளியது என்பதால்தான் நல்லது. கையில் கொட்டையை மறைத்து "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து கொட்டை வைத்திருக்கும் பிள்ளை அதில் ஒன்று முதல் ஐந்து வரை எத்தனையையும் மறைக்கலாம் என்று வையுங்கள். ஒற்றை வர மூன்று வழி: 1, 3, 5. இரட்டை வர இரண்டு வழி: 2, 4. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு "ஒற்றை" என்று சொல்வது நல்லதா? எங்கள் முற்றத்தில் இதைக் கண்டுபிடித்த பையன் இரண்டு நாள் எல்லோரையும் வென்றான். மூன்றாம் நாள் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். வெறுங்கையையும் மூடிக் காட்டலாம் என்று விதியை மாற்றினார்கள். உடனே பெரிய வழக்கு: வெறுங்கை ஒற்றையா, இரட்டையா? பூச்சியம் எந்தப் பக்கம்? இரண்டு இரண்டாகப் பிரித்தால் மிச்சம் ஒன்று நிற்குமா என்று பார்க்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னது. வெறுங்கையில் மிச்சம் நிற்க எதுவும் இல்லை. ஆகவே இரட்டை. மூன்றுக்கு மூன்று சமமானது, ஆட்டம் மறுபடியும் நியாயமானது.

இரண்டு பேர் மறைத்ததையும் சேர்த்துப் பார்ப்பது அடுத்த படி. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் ஏன் எப்போதும் இரட்டை? கொட்டைகளைச் சோடி சோடியாக அடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கையில் தனித்து நிற்கும் ஒன்றும் அந்தக் கையில் தனித்து நிற்கும் ஒன்றும் சேர்ந்து சோடியாகிவிடும். இதைவிடத் தெளிவான நிறுவலை நான் எந்தப் பாடநூலிலும் காட்ட முடியாது.

சோகி உருட்டுவது சூது அல்லவா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள்.

காத்தான்குடியிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் உம்மாமார் இதைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் கேட்கிறார்கள். பெரியவர்களின் சொல்லை மதியுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் சோகி உருட்டி ஆடும் தாயம் வேண்டாம், பல்லாங்குழியும் ஆடு புலியும் தாராளமாக இருக்கின்றன. நான் எந்த விளையாட்டிலும் காசோ இனிப்போ பந்தயமாக வைக்க விடுவதில்லை.

வெல்வதும் தோற்பதும் இல்லாமல், உருட்டுவதை ஒரு பரிசோதனையாக மட்டும் செய்யலாம். அதற்குச் சோகியும் தேவையில்லை. நாலு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் வெள்ளை தெரியும்வரை உரசுங்கள். நாலையும் சேர்த்து எறிந்து எத்தனை வெள்ளை மேலே வந்தது என்று நூறு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் எது கூட வரும் என்று கேளுங்கள். கொட்டைகளுக்குப் பெயர் வைத்து எல்லா விதத்தையும் எழுதினால் 16 விதம் வரும். ஒன்றும் வெள்ளை இல்லாதது 1, ஒன்று வெள்ளை 4, இரண்டு வெள்ளை 6, மூன்று வெள்ளை 4, நாலும் வெள்ளை 1. அதனால் இரண்டு வெள்ளைதான் அதிகம் விழ வேண்டும். ஆனால் நீங்கள் எறியும்போது இந்தக் கணக்குக்குச் சரியாக வராது. உரசிய பக்கம் தட்டை, மற்றப் பக்கம் குண்டு. கொட்டைக்குக் கொட்டை சாய்வும் மாறும். கணக்கில் வந்ததும் தரையில் வந்ததும் ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் கேட்கும் இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க விடுங்கள். "இன்னும் கொஞ்சம் உரசினால் என்ன ஆகும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அடுத்த நூறு எறிதல் தயார்.

ஆடு புலி ஆட்டம் பெரியவர்களுக்கானது இல்லையா?

இல்லை, தரம் 4 பிள்ளைகள் நன்றாகவே ஆடுவார்கள். பழைய முறையில் மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டினால் வெட்டு, ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி. ஒரு ஆடும் வெட்டுப்படாமல் எல்லா ஆடும் இறங்கிவிட்டால் வெறும் புள்ளி ஐந்துதான் மிஞ்சும். அந்த ஐந்துக்குள்தான் முழுப் போராட்டமும்.

இங்கே இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆடாக விளையாடும் பிள்ளை கூட்டமாக யோசிக்கப் பழகும், புலியாக விளையாடும் பிள்ளை இரண்டு நகர்வு தள்ளிப் பார்க்கப் பழகும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிவிடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு, "இரண்டு புலி மட்டும் இருந்தால் எத்தனை ஆடு போதும்?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் மணலில் தங்கள் சொந்தக் கட்டத்தையே கீறினார்கள். ஒரு கோடு கூட்டினால் புலிக்கு வசதி, இரண்டு குறைத்தால் ஆட்டுக்கு வசதி என்று அழித்து அழித்துக் கீறினார்கள். அன்று இருட்டும்வரை ஒருவரும் விளையாடவே இல்லை, கட்டம் மட்டும்தான் கீறினார்கள். எனக்கு அது நிறைவான நாள்.

வெளியில் ஓடி விளையாடும் விளையாட்டுகளில் கணிதம் உண்டா?

நிறைய உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

கிட்டிப்புள்ளில் புள் விழுந்த இடம்வரை எத்தனை கிட்டி இருக்கும் என்று அடித்தவர் ஒரு எண்ணைக் கேட்பார். எதிர்ப் பக்கம் நம்பினால் கொடுத்துவிடும். நம்பாவிட்டால் அளக்கலாம். அளந்து குறைந்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார். கூடக் கேட்டால் ஆபத்து, குறையக் கேட்டால் நட்டம். பதினைந்து நாள் இதை விளையாடிய பிள்ளையிடம் பாடசாலை மைதானத்தின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். கிட்டியின் நீளம் பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருப்பதால், "உன் நாற்பதும் என் நாற்பதும் ஒன்றா?" என்ற கேள்வியும் தானாக வரும். பொது அலகு ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நெல்லை மரைக்காலால் அளந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபமாகப் புரிகிறது. புள் கண்ணில் படக்கூடியது, அதனால் திறந்த வெளியில் மட்டும், நிற்பவர்கள் தள்ளி நின்று விளையாட வேண்டும்.

மற்றது "எவடம் எவடம், புளியடி புளியடி". இரண்டு கையிலும் மணலை ஏந்தி, அதில் ஒரு குச்சியைக் குத்தி, பிள்ளையின் கண்ணைப் பொத்தி, சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போய், ஓரிடத்தில் மணலைக் கொட்டச் செய்து, திரும்பவும் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளை அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை எட்டு வைத்தோம் என்று எண்ணுவார்கள், எந்தப் பக்கம் எத்தனை தரம் திரும்பினோம் என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். வெயில் எந்தக் கன்னத்தில் பட்டது என்று பார்த்துக் கண்டுபிடித்த ஒரு பிள்ளையும் எங்களிடம் உண்டு. அந்த யோசனை வேறு யாருக்கும் வரவில்லை.

பாடசாலையில் இதற்கு நேரம் கிடைக்குமா? பாடத்திட்டம் இடம் கொடுக்குமா?

இடம் கொடுக்கிறது. 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் கற்பித்தல் முறையாக வைத்தது. தரம் 1, 2இல் வழிகாட்டிய விளையாட்டுக்கு முதலிடம், மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். எழுத்து வேலை கூடும் என்பதை நாம்தான் விளையாட்டு இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

நடைமுறையில் ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்தால் முழு வகுப்பையும் ஒரே நேரத்தில் விளையாட விட முடியாது. நான் வகுப்பின் மூலையில் இரண்டு முட்டை மட்டை வைத்திருக்கிறேன். வேலையை முடித்த பிள்ளைகள் அங்கே போவார்கள். வேலையை முடிக்காத பிள்ளைகளுக்கும் கிழமையில் ஒரு நாள் கட்டாயம் முறை உண்டு. இதில் கவனமாக இருங்கள், இல்லாவிட்டால் மூலை கெட்டிக்காரப் பிள்ளைகளின் பரிசாகிவிடும். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குக் கிடைக்காது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா?

நேர்மையாகச் சொல்கிறேன். பல்லாங்குழி விளையாடினால் வெட்டுப்புள்ளி தாண்டலாம் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பரீட்சைக்கு வினாத்தாள் செய்து பழகத்தான் வேண்டும். ஆனால் பழக்கமில்லாத கணக்கைக் கண்டதும் பேனையைக் கீழே வைக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். "இப்படிச் செய்து பார்ப்போமா?" என்று தொடங்கும் துணிவு அவர்களிடம் இல்லை. விதியை மாற்றி மாற்றி விளையாடிய பிள்ளைகளிடம் அந்தத் துணிவு இருக்கிறது. ரியூசன் மூன்று இடத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பின்னேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. பிற்காலத்தில் வழக்கொழிந்துபோன யாழைப் பற்றி ஆராய்ந்தபோது, பழந்தமிழ்ப் பாடல் வரிகளையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பாட்டையும் கணக்கையும் வேறு வேறு அறையில் பூட்டி வைக்காத மனம் அது. அப்படியான மனத்துக்குச் சிறு வயதில் ஓடி விளையாட இடம் வேண்டும்.

என் மகன் தோற்றால் அழுகிறான், கட்டத்தைக் கலைத்துவிடுகிறான்.

கொஞ்ச நாளைக்கு இரண்டு பேரும் ஒரே பக்கம் விளையாடுங்கள். "நாம் இரண்டு பேரும் சேர்ந்து மிக நீளமான ஓட்டத்தைக் கண்டுபிடிப்போம்" என்று சொல்லுங்கள். தோற்க ஆள் இல்லாதபோது அழுகையும் இருக்காது. வேண்டுமென்று தோற்றுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவர்களுக்கு அவமானமாக இருக்கும்.

போனிலேயே பல்லாங்குழி இருக்கிறதே?

போனில் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தானாக ஓடிவிடும். கையில் ஆறு கொட்டை இருக்கும் கனமும், கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று கண் முன்னால் ஓடும் ஊகமும் அதில் இல்லை. முக்கியமாக, நினைத்த நேரத்தில் விதியை மாற்ற முடியாது.

கண் பார்வை குறைந்த பிள்ளை விளையாட முடியுமா?

பல்லாங்குழி தடவி விளையாட மிகப் பொருத்தமானது. மணலில் தோண்டாமல், கனமான மரப்பலகை அல்லது தரையோடு ஒட்டிய மட்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்களோடு விளையாடும் ஒரு பிள்ளை குழியில் விரலை வைத்த உடனேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடும். மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

எங்கள் ஊர் விதி வேறு. அம்மம்மா ஒரு மாதிரிச் சொல்கிறா, பக்கத்து வீட்டில் ஒரு மாதிரி. எது சரி?

உங்கள் அம்மம்மா சொல்வதை முதலில் எழுதி வையுங்கள். பிறகு பக்கத்து வீட்டு விதியையும் எழுதுங்கள். சில வீடுகளில் வெறுங்குழிக்கு அப்பால் உள்ளதோடு அதற்கு எதிர்க் குழியையும் சேர்த்து எடுப்பார்கள். சில வீடுகளில் பசுவே கிடையாது. இவற்றில் ஒன்று சரி, மற்றது பிழை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விதியும் யாரோ ஒரு காலத்தில் "இப்படி மாற்றினால் என்ன?" என்று கேட்டதால் வந்ததுதான். இரண்டு விதியிலும் ஒரே தொடக்கத்தை விளையாடி, எதில் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, எதில் முதலில் தொடங்குபவருக்கு வாய்ப்பு என்று பிள்ளைகள் குறித்து வரட்டும். அம்மம்மாவையும் கூட இருத்திக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன அந்த மகள் இப்போது தரம் 7. போன மாரியில் குழிக்கு ஏழு கொட்டை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஏழாவது அள்ளலில் கடைசிக் கொட்டை தொடங்கிய குழிக்கே திரும்பி வந்து சரியாக நாலாகிறது, தன் வீட்டிலேயே பசு. அடுத்த அள்ளலில் தொடங்கிய குழியிலிருந்து எண்ணி ஒன்பதாவது குழியில் இன்னொரு பசு. அது எதிராளி வரிசையில் விழுகிறது. தன் வரிசையின் கடைசிக் குழியில் தொடங்கினால் மட்டும் அதுவும் சுற்றி வந்து தன் வரிசையில் விழுகிறது. "டீச்சர், ஐந்து போட்டா எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான் என்று சொன்னேனே, ஏழு போட்டா அப்படி இல்லை. பசு யாருடைய வரிசையில் விழுது என்று பார்க்கணும்" என்று கொப்பியை நீட்டினாள். எட்டுக் கொட்டைக்கு அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தாள்.